பனியன் சீமையில் உழவியல் படிப்பு

பொங்கலூர் பக்கம் ஒரு தோட்டத்து வரப்பில் வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவிகள் ஆறு பேர் விதை நேர்த்தி செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெற வந்தவர்கள். ஆறிய அரிசிக் கஞ்சியில் அசோஸ்பைரில்லத்தைக் கரைத்து, மக்காச்சோள விதையைப் புரட்டி, நிழலில் சாக்கு விரித்துக் காய வைத்தார்கள். சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேரில் பெரியவர் ஒருவர் கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எல்லாஞ் சரிங் அம்முணி. வெதைய நீ சொன்னாப்புலயே பண்ணிப் போடறேன். களை வெட்ட ஆளு எங்க? எங்கூட்டு மருமகளே காலைல ஏழு மணி வேன்ல கம்பெனிக்குப் போயிருது.”

அந்தப் பெண் தயங்கவில்லை. “விதைச்ச மூணாம் நாள் அட்ரசின் அடிச்சுக்கலாங்கய்யா.”

“அடிச்சா ஊடால உளுந்து வருமா?”

“வராதுங்கய்யா. உளுந்து போடறதா இருந்தா பெண்டிமெத்தலின் அடிக்கலாம்.”

“அதும் சரி. களையே இல்லீனா மாட்டுக்கு என்னத்தப் புடுங்கிப் போடறது?”

மாணவி சொன்ன இரண்டு பதிலும் சரியானவை. கேள்விதான் ஒவ்வொரு முறையும் இடம் மாறியது. ஆளில் தொடங்கி ஊடுபயிருக்குப் போய் மாட்டில் வந்து நின்றது. அவர் குழப்புவதற்காகக் கேட்கவில்லை. அவருடைய தோட்டத்தில் இந்த மூன்றும் ஒரே முடிச்சு. பயிர் இனப்பெருக்கவியல் விதையைப் பார்க்கிறது, பூச்சியியல் பூச்சியைப் பார்க்கிறது, மண்ணியல் மண்ணைப் பார்க்கிறது. இவையெல்லாம் ஒரே வயலில், ஒரே பட்டத்தில், ஒரு குடும்பத்தின் கையிருப்புக்குள் எப்படிப் பொருந்தும் என்று பார்க்கும் துறைக்குத்தான் உழவியல் என்று பெயர். திருப்பூர் வட்டாரத்தில் அந்த முடிச்சுக்குள் பனியன் கம்பெனியும் சாயப்பட்டறையும் கோழிப்பண்ணையும் கலந்து கிடக்கின்றன. இங்கிருந்து உழவியல் படிக்கப் போகிற பிள்ளைகள் இந்த முடிச்சைப் படிக்கிறார்களா, அல்லது முடிச்சில்லாத ஒரு வயலைப் படிக்கிறார்களா? இந்தக் கட்டுரை ஆராய்வது அதைத்தான்.

பருத்தியோடு வந்த படிப்பு

மேற்கு மாவட்டங்களில் பயிர் ஆராய்ச்சியின் தொடக்கக் கதை பருத்தியின் கதை. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகளை நடத்தினார். மானாவாரி நிலத்தில் அந்தப் பருத்தி நிலைபெறவில்லை. நம் நாட்டுக் கருங்கண்ணியும் உப்பமும் பிடித்திருந்த இடத்தை அது பிடிக்க முடியவில்லை. ஒரு நாட்டுப் பயிர் இன்னொரு நாட்டு மண்ணுக்கும் மழைக்கும் சும்மா பெயர்ந்து வராது என்ற உழவியலின் முதல் பாடம் இந்த ஊரில் அப்படித்தான் கிடைத்தது.

1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்கு வந்து கல்லூரியாக வளர்ந்தது. அப்போதைய ஆளுநர் ஆர்தர் லாலியின் பெயர்தான் இன்றும் கல்லூரிக்கு முன்னால் ஓடும் சாலைக்கு. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கம்போடியாப் பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்தது. வைட்டின் பருத்தி தோற்ற இடத்தில் இது வென்றதற்குக் காரணம் கிணறு. அன்றைய கோவை மாவட்டத்தின் தோட்டக்கால் நிலங்களில் மாடு கட்டிக் கவலை இறைத்துப் பாய்ச்சி வளர்த்த கம்போடியா நீண்ட இழை தந்தது. 1888 முதலே கோவையில் நூற்பாலை ஓடிக்கொண்டிருந்தது. ரயில் பாதையில் இருந்த திருப்பூர் பருத்திச் சந்தையாகவும் அரவை ஆலைகளின் ஊராகவும் வளர்ந்தது. விதை ஆராய்ச்சி, கிணற்றுப் பாசனம், சந்தை, ஆலை எல்லாம் ஐம்பது கிலோமீட்டருக்குள். கல்லூரி வயலில் தேறிய விதை அவிநாசித் தோட்டத்தில் விளைந்து திருப்பூர்ச் சந்தையில் விலை போன காலம் அது.

கோவைப் பருத்தி ஆராய்ச்சியின் அடையாளமான எம்.சி.யு. என்ற மூன்றெழுத்து மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்ற மூன்று ஊர்ப் பெயர்களின் சுருக்கம். 1968-இல் வெளிவந்த எம்.சி.யு. 5 மிக நீண்ட இழைப் பருத்தியாகப் பெயர் பெற்றது. 1974-இல் வந்த சுவின், சுஜாதாவுக்கும் செயின்ட் வின்சென்டுக்கும் பிறந்த ரகம். உலகின் மிக மெல்லிய இழைகளோடு வைத்து எண்ணப்படுவது. 1971-இல் கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானபோது இந்த மரபு முழுவதையும் அது தன்னோடு எடுத்துச் சென்றது.

திருப்பூரில் பின்னல் தறிகள் 1920-களில் வந்தன. கதரின் ஊராக இருந்தது மெல்ல மெல்ல பனியனின் ஊரானது. 1970-களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கியது. இன்று ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை இங்கிருந்து கப்பலேறுகிறது. இந்த மாற்றத்தை ஆராய்ந்த புவியியலாளர் ஷரத் சாரி, 2004-இல் வந்த ‘ஃபிரேட்டர்னல் கேப்பிட்டல்’ என்ற நூலில் ஒரு செய்தியை அழுத்திச் சொல்கிறார். கம்பெனி முதலாளிகளாக உயர்ந்த கவுண்டர்களில் பலர் காடுதோட்டங்களிலிருந்து வந்தவர்கள்; தங்கள் முதல் எது என்று கேட்டால் அவர்கள் பணத்தைச் சொல்லவில்லை, உழைப்பைச் சொன்னார்கள். ஆட்களோடு ஆளாக நின்று வேலை வாங்கும் பண்ணையப் பழக்கம் அப்படியே பின்னல் தறிக்குக் குடிபெயர்ந்தது என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் அவர் நிறுத்திய இடத்தில்தான் உழவியலின் கேள்வி தொடங்குகிறது. உழைப்பு தறிக்குப் போன பிறகு நிலத்தில் மிஞ்சியது என்ன?

மிஞ்சியது என்ன

முதலில் பருத்தி போனது. மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இன்றும் பருத்தி ஏலம் நடக்கிறது. தாராபுரம், மூலனூர் பக்கத்துக் காடுகளில் இன்றும் விதைக்கிறார்கள். ஆனாலும் தமிழ்நாட்டில் விளையும் பருத்தி இங்குள்ள நூற்பாலைகளின் பசிக்கு மிகச் சிறு கவளம். குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா மூட்டைகளில்தான் ஆலைகள் ஓடுகின்றன. பனியன் ஊரில் பருத்திக்காடு காண அரிதாகிவிட்டதற்குப் புழுவையும் விலையையும் காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மை. அவற்றைவிடப் பெரிய காரணம் கை. பருத்தி ஒரே நாளில் வெடிக்காது. முதல் எடுப்பு, இரண்டாம் எடுப்பு, மூன்றாம் எடுப்பு என்று வாரக்கணக்கில் எடுக்க வேண்டும். எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதே விரல்களைத்தான் செக்கிங் மேசையும் ஓவர்லாக் தையலும் கேட்கின்றன. அங்கே நிழல், விசிறி, வாரச் சம்பளம், வீட்டு வாசலுக்கு வேன். காங்கயம், தாராபுரம் வரை கம்பெனி வேன்கள் போய் ஆளேற்றி வருகின்றன. வெயிலில் சேலைத் தலைப்பை மடி கட்டிப் பருத்தி எடுக்க யாரையும் குறை சொல்லி அழைக்க முடியாது. அவர்கள் செய்தது நியாயமான தேர்வு.

கை குறைந்தபோது கை குறைவாகக் கேட்கும் பயிர்கள் வந்தன. இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் பயிர்ப் படத்தை இந்த ஒரு கண்ணால் பார்த்தாலே பாதிக்கு மேல் விளங்கும். பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் பாயும் உடுமலை, பல்லடம், பொங்கலூர், காங்கயம் பக்கங்களில் மக்காச்சோளம், தென்னை. மக்காச்சோளத்துக்குப் பல்லடம், உடுமலைக் கோழிப்பண்ணைகளின் தீவனச் சந்தை கைக்கெட்டும் தூரத்தில். தென்னைக்குச் சொட்டுநீர் போட்டுவிட்டால் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டே தோட்டம் நடத்தலாம். காங்கயம், வெள்ளகோவில் கொப்பரைக் களங்கள் அந்தத் தேங்காயை வாங்கிக்கொள்கின்றன. அமராவதிப் பழைய ஆயக்கட்டில், கொழுமம், கணியூர் தொடங்கித் தாராபுரம் வரை நெல்லும் கரும்பும். மூலனூர் முருங்கை. குண்டடம், பொங்கலூர் பக்கம் சின்ன வெங்காயம். வெங்காயம் ஒன்றுதான் இந்தப் படத்துக்கு ஒத்து வராத பயிர். நடவு, களை, அறுவடை, பட்டறை போடுதல் எல்லாமே கைவேலை. பட்டறையில் காற்றாட அடுக்கி வைத்து விலை ஏறும்வரை காத்திருக்கலாம் என்ற நம்பிக்கைதான் இன்னும் அதைத் தாங்குகிறது.

தண்ணீர்க் கணக்கு இதைவிடக் கடுமையானது. ஆண்டுக்கு அறுநூறு மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். பி.ஏ.பி. ஆயக்கட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்கு ஒரு முறை கிடைத்தால் அடுத்த முறைக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும். கடைமடைக்கு வருவது அதிலும் குறைவு. 1990 முதல் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போய்விட்டன. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுப் போராடிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி 1.5 டி.எம்.சி.யை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போகும் திட்டம். குளத்தில் நிற்கும் தண்ணீர் சுற்றுப்புறக் கிணறுகளில் எவ்வளவு ஏறுகிறது, ஏறிய தண்ணீரை எந்தப் பயிருக்குக் கொடுத்தால் தகும் என்பது இனி அளந்து சொல்ல வேண்டியது. எந்த உழவியல் மாணவருக்கும் இதைவிட நல்ல ஆய்வுக்களம் கிடைக்காது.

உப்பு

இந்த வட்டாரத்தின் உழவியலில் வேறெங்கும் இவ்வளவு கூர்மையாகக் கற்க முடியாத பாடம் ஒன்று உண்டென்றால் அது உப்பு. இதில் சற்று நின்று பேச வேண்டும்.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் நிறைய உப்பு போட வேண்டும். சோற்றுப்பு அல்லது சோடியம் சல்பேட். சாயத்தைக் கரைசலிலிருந்து இழைக்குத் தள்ளுவது அந்த உப்புதான். வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு வெளியேறும். பல ஆண்டுகள் அந்தத் தண்ணீர் நொய்யலில் விழுந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு அது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டி 1992-இல் முடிந்த அணை, சாயக்கழிவின் தேக்கமானது. தண்ணீர் கேட்டுப் போராடுவதுதான் உழவர் வழக்கம். இங்கே அணைத் தண்ணீர் வேண்டாம் என்று உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்குகளின் முடிவில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறியவை மட்டும் பிறகு திறந்தன. எதிர்ச் சவ்வூடு பரவலில் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுக்கும் செலவு மிகுந்த ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டுக்குத் திருப்பூர் செலவழித்ததை மதிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பு மண்ணுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் இறங்கிய உப்பு நீதிமன்ற உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வெளியே வராது.

மண்ணியல் பாடத்தில் உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. மண்சாற்றின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் உவர். மண்துகள்கள் பிடித்து வைத்திருக்கும் அயனிகளில் சோடியம் நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டினால் களர். களருக்கு ஜிப்சம் போட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். உவருக்கு ஜிப்சம் மருந்தல்ல. நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவ வேண்டும். புத்தகத்தில் இரண்டும் இரண்டு பத்தி. நொய்யல் கரைத் தோட்டத்தில் இரண்டும் கலந்தே இருக்கலாம், கழுவ வேண்டிய நல்ல தண்ணீர் கிணற்றில் இல்லாமல் இருக்கலாம், அடியில் சுண்ணாம்புக் கல் வடிகாலை அடைத்திருக்கலாம். கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருக்கும்போது அதே தண்ணீரைக் கொண்டு உப்பைக் கழுவு என்று எந்தப் புத்தகமும் சொல்ல முடியாது. மழை ஒன்றுதான் வழி. ஐப்பசி மழையை வரப்பு உயர்த்தித் தேக்கிக் கீழே இறக்க வேண்டும். ஜிப்சம் போடுவதும் அந்தப் பருவத்துக்கு முன்னால் நடந்தாக வேண்டும்.

பயிரைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. எந்த அளவு உப்புக்கு மேல் மகசூல் சரியத் தொடங்கும் என்று பயிர்வாரியாக அளந்து வைத்திருக்கிறார்கள். மீட்டருக்கு டெசிசைமன் கணக்கில் வெங்காயத்துக்கு 1.2, மக்காச்சோளத்துக்கு 1.7, வெள்ளைச் சோளத்துக்கு 6.8, பருத்திக்கு 7.7. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் செய்துவந்த தோட்டங்கள் முதலில் விழுந்ததன் விளக்கம் இந்த நான்கு எண்களுக்குள் இருக்கிறது. சாயமேற்றும் உப்பை மற்றப் பயிர்களைவிட நன்றாகத் தாங்கி நிற்கும் பயிர், அந்தச் சாயம் ஏறிய பருத்தியேதான். மாட்டுத் தீவனத்துக்குத் தட்டுச்சோளம் விதைத்துக்கொண்ட குடும்பங்கள் இந்த அட்டவணையைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. செய்து பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் பத்து ஆண்டு செலவழித்துக் கண்டதை ஒரு பட்டத்தில் சொல்லியிருக்கக்கூடியவர் உழவியல் படித்தவர். அன்று அவர் எத்தனை தோட்டத்தில் நின்றார் என்று கேட்கத் தோன்றுகிறது.

வகுப்பும் வயலும்

இப்போது படிப்புக்கு வருவோம். இளம் அறிவியல் வேளாண்மை நான்காண்டுப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் சேர்க்கை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 18 உறுப்புக் கல்லூரிகளும் 25-க்கும் மேற்பட்ட தனியார் இணைப்புக் கல்லூரிகளும் இயங்குகின்றன. திருப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கோவை பக்கம். பொள்ளாச்சியிலும் கோபி பக்கத்திலும் தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. 2021-இல் நிறைவேறிய சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் வேளாண் படிப்புக்கும் உண்டு. அதே கல்வியாண்டில் கோவையில் தமிழ்வழியிலும் வேளாண் பட்டம் தொடங்கியது. இந்த இரண்டையும் நான் பெரிய செய்தியாக எண்ணுகிறேன். இந்தச் சீமையில் நிலம் வைத்திருந்தவர் வேறு, அந்த நிலத்தில் களை வெட்டியவர் வேறு. பண்ணையத்து ஆளாக இருந்தவரின் பேத்தி மண்வளம் படித்துவிட்டு வந்து வரப்பில் நின்று பேசுவது, பாடத்திட்டத்தில் எழுதப்படாத ஒரு மாற்றம். வகுப்பறைகளில் மாணவிகள் நிறைய. ஆனால் நிலப்பட்டாக்களில் பெண் பெயர் அரிது. படித்து முடித்த மகள் சொந்தத் தோட்டத்தில் தன் முடிவை எடுக்கும் உரிமை பல வீடுகளில் இன்னும் வரவில்லை.

பாடத்திட்டத்தை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுவின் முதல்வர்கள் குழு வகுக்கிறது; ஐந்தாம் குழுவின் அறிக்கை 2016-இல் நடைமுறைக்கு வந்தது, ஆறாம் குழுவின் அறிக்கை 2024-இல். அடிப்படை உழவியல், களை மேலாண்மை, பாசன நீர் மேலாண்மை, மானாவாரி வேளாண்மை, பண்ணைப் பொருளாதாரம், விரிவாக்கம் என்று நீளும் பட்டியலில் என்னைக் கவர்ந்தது பயிர் உற்பத்திச் செய்முறை என்ற பாடம். அதன் மதிப்பலகு பூஜ்யம் கூட்டல் இரண்டு. வகுப்பறைப் பாடம் கிடையாது, முழுக்க வயல். எட்டுப் பத்துப் பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து உழவிலிருந்து விற்பனை வரை ஒரு பயிரை வளர்த்து, கடைசியில் சாகுபடிச் செலவும் நிகர வருமானமும் காட்டி வரவு செலவு அறிக்கை எழுத வேண்டும். நாற்றங்கால் விட்டுத் தன் கையால் நட்டு, தன் பாத்தியில் மஞ்சள் பாய்ந்த இலையைப் பார்த்து ஒரு வாரம் தூக்கம் கெட்ட மாணவர் அந்தப் பட்டத்தை வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டார். பழைய மாணவர்களைக் கேட்டால் தேர்வு மதிப்பெண் நினைவில்லை, தன் பாத்தி நினைவிருக்கிறது என்பார்கள்.

அந்த அறிக்கையில்தான் எனக்குக் குறை. பத்து மாணவர்கள் களை எடுத்தால் கூலிக்கணக்கில் ஏறுவது எது? கல்லூரிப் பண்ணை வாய்க்காலில் வரும் தண்ணீருக்கு விலை என்ன? நேரத்துக்கு ஆள் கிடைக்காமல் களை பத்து நாள் தள்ளிப்போனால் இழப்பு எவ்வளவு? மக்காச்சோளத்தில் முதல் முப்பது நாற்பது நாள்தான் களை பயிரைத் தின்னும் காலம் என்று பாடம் சொல்கிறது. அந்த நாட்களில் கம்பெனியில் அவசர ஆர்டர் ஓடி, ஊரில் ஒரு கை கிடைக்காது என்பதைப் பாடம் சொல்வதில்லை. அறிக்கையில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தால் போதும்: இதே நாட்களை இதே ஆள் ஓவர்லாக் தையலில் செலவழித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அந்த வரியை எழுதிப் பார்த்தால் பெரியவரின் கேள்வி மாணவிக்கு வரப்பில் புதிதாக இருந்திருக்காது.

இறுதியாண்டில் கிராமத் தங்கல் பயிற்சி. 2015-இல் ‘ஸ்டூடன்ட் ரெடி’ என்ற பெயரில் விரிவாக்கப்பட்டது. தெருவில் கோலப்பொடியால் ஊரின் படம் வரைந்து, கிணறு எங்கே, மேய்ச்சல் எங்கே என்று ஊராரையே குறிக்கச் சொல்லும் பயிற்சி இதில் உண்டு. நல்ல கருவி. ஆனால் செயல்விளக்கம் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு போவதோடு முடிந்துவிடும் பயிற்சிகளையும் பார்த்திருக்கிறேன். உழவரிடம் கேட்டு எழுதிக்கொண்டது கல்லூரிக்குத் திரும்பிப் போய் அடுத்த ஆண்டுப் பாடத்தை மாற்றுகிறதா என்பதே அளவுகோல். பாடம் மாற வேண்டியதற்குச் சான்று அண்மையிலேயே உண்டு. 2018-இல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் வந்து, அதே ஆண்டு தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தின்றது. அதுவரை எந்த வகுப்பிலும் அந்தப் புழுவுக்கு ஒரு பக்கம் கிடையாது. கடைசி உழவில் வேப்பம் பிண்ணாக்கு, வரப்போரப் பயிர், இனக்கவர்ச்சிப் பொறி, வளர்ச்சிக் கட்டம் பார்த்து மருந்து என்று பல்கலைக்கழகம் விரைவில் ஒரு முறையை வகுத்துக் கொடுத்தது உண்மையான சேவை.

பாடத்துக்கு வெளியே நிற்கும் இன்னொன்று கொரங்காடு. காங்கயம், மூலனூர், தாராபுரம் பக்கத்து மானாவாரி மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம். மாடுகளை ஒரு பட்டியிலிருந்து இன்னொரு பட்டிக்கு மாற்றி மேய்த்துப் புல்லுக்கு ஓய்வு கொடுப்பார்கள். காங்கயம் மாடு இந்தப் புல்லில் உருவான மாடு. உழவில்லை, பாசனமில்லை, களையெடுப்பில்லை. ஆள் தட்டுப்பாடும் தண்ணீர்த் தட்டுப்பாடும் உள்ள ஒரு வட்டாரத்துக்கு முன்னோர் வகுத்துக் கொடுத்த விடை. புல் விதைப்பையும் மேய்ச்சல் சுற்றையும் கிளுவைப் போத்து நடும் பருவத்தையும் அளந்து ஒரு பாடமாக எழுத வேண்டும். காற்றாலைக்கும் மனைப்பிரிவுக்கும் அந்த நிலங்கள் போய்க்கொண்டிருக்கும்போது எழுத வேண்டிய அவசரமும் இருக்கிறது. உடுமலையில் 2020-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் உழவியல் துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

படித்தபின்

வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பெற்றோர் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். தேர்வாணையத்தின் வழியே வேளாண்மை அலுவலர் பணி, வங்கிகளில் வேளாண் கள அலுவலர், விதை உரக் கம்பெனிகளின் விற்பனைப் பிரிவு, மேற்படிப்பு. பூச்சிமருந்துக் கடை உரிமத்துக்கு உரிய படிப்பு வேண்டும் என்று விதி வந்த பிறகு கடை வைப்பதும் ஒரு வழி. 2002 முதல் மத்திய அரசின் வேளாண் மருத்துவமனைத் திட்டம். 2025–26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் வேளாண் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் நடத்த ஆயிரம் உழவர் நல சேவை மையங்கள் அறிவிக்கப்பட்டன. இந்தக் கடைசி வழி திருப்பூருக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். இங்கே உழவர்கள் ஆலோசனைக்குக் காசு கொடுக்கத் தயங்குபவர்கள் அல்ல. போர் போடும் இடம் பார்க்கவும் மோட்டார் சுருள் கட்டவும் செலவழிப்பவர்கள். மருந்து விற்கும் கமிஷனில் வாழாமல், மண்ணையும் தண்ணீரையும் சோதித்து, விதைப்பு, களை, அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு அனுப்பிப் பிழைக்கும் ஒருவர் இங்கே நிற்க முடியும். மருந்து விற்பவரே மருந்து எழுதிக் கொடுத்தால் ஆலோசனையின் நேர்மை கெடும். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

வேளாண் கல்வி மேலேயே பெரிய ஐயம் எழுப்பியவர் நம்மாழ்வார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, அந்த ஆராய்ச்சி மானாவாரி உழவருக்கு உதவாது என்று வேலையை விட்டு வெளியேறினார். வேலிக்குள் விலையில்லாத் தண்ணீரும் ஆளும் உரமும் கொண்டு எடுத்த மகசூல் வேலிக்கு வெளியே செல்லாது என்ற அவர் கண்டனம் இன்னும் பதில் கேட்டு நிற்கிறது. அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அவர் காட்டிய இயற்கை வேளாண் வழியிலும் இந்த வட்டாரத்துக்கு ஒரு தடை உண்டு. தொழுவுரம் சுமப்பது, மூடாக்குப் போடுவது, கையால் களை எடுப்பது எல்லாம் ஆள் கேட்கும் வேலைகள், இங்கே இல்லாததும் அதுவே. இயற்கை வழியை விரும்பும் பட்டதாரிகள் இந்தத் தடையை அளந்து, அதற்கேற்ற கருவியும் பயிர்ச் சுற்றும் கண்டால்தான் அது ஊரில் பரவும். பருத்தியிலும் அப்படியே. 2020-இல் வெளிவந்த கோ 17, நெருக்கி நடுவதற்கேற்ற குட்டைச் செடி. காய்கள் ஏறக்குறைய ஒன்றாக வெடிப்பதால் இயந்திர அறுவடையை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் நம் சிறு தோட்டத்தின் வரப்புக்குள் திரும்பக்கூடிய அறுவடை இயந்திரம் எது, இலையுதிர்க்கத் தெளிக்கும் மருந்தால் பக்கத்துக் காட்டுக்கு என்ன ஆகும் என்ற கேள்விகளைப் பொறியியலும் உழவியலும் மூலனூரில் நின்று சேர்ந்து பார்க்க வேண்டும்.

கோவைக் கல்லூரி வளாகத்தில் 1909 முதல் நடந்துவரும் ஒரு சோதனை இருக்கிறது. நிரந்தர எருச் சோதனை என்று பெயர். ஒரு பாத்திக்கு எதுவும் இல்லை, ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து, ஒன்றுக்குச் சாம்பல்சத்து, பிறகு அவற்றின் சேர்க்கைகள், ஒன்றுக்குத் தொழுவுரம். அதே பாத்தி, அதே எரு, ஆண்டுக்கு ஆண்டு. இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட்டில் 1843-இல் தொடங்கிய கோதுமைச் சோதனைக்கு அடுத்து வைத்துப் பேசத்தக்க பொறுமை. எரு இல்லாத பாத்தியும் ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஏதோ விளைவிக்கிறது என்பதையும், எவ்வளவு குறைகிறது என்பதையும் வேறெந்த வழியிலும் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே ஒன்று, அத்திக்கடவுத் தண்ணீர் நிற்கும் அவிநாசிக் குளத்தடியில் ஒன்று, காங்கயம் கொரங்காட்டில் ஒன்று என்று மூன்று இடங்களில் இப்படிப் பாத்திகள் வேண்டும். முதல் பாத்தியில் மழைநீர் தேக்குவது மட்டும். அடுத்ததில் ஜிப்சமும் மழைநீரும். அடுத்ததில் உப்புத் தண்ணீரிலேயே பருத்தி. அடுத்ததில் தட்டுச்சோளமும் தொழுவுரமும். ஒன்றில் எதுவும் செய்யாமல் விடுவது. ஒவ்வொரு நாள் வேலைக்கும் அன்றைய கம்பெனிக் கூலியைப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். கிராமத் தங்கல் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு அணியும் மண் மாதிரி எடுத்து, எண்ணைப் பதிந்து, அடுத்த அணியிடம் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம். உப்பு இறங்குகிறதா என்று நேர்மையாகச் சொல்லக் குறைந்தது பத்து ஐப்பசி பார்க்க வேண்டும். இந்த ஆண்டு சேர்கிற பிள்ளை முதல் மாதிரியை எடுத்தால், பட்டம் வாங்கும் நாளில் அந்த நோட்டில் நான்கு வரிகள் இருக்கும்.